பட்டறைக்காரர் மகள்

“அப்பா!” என்று ஓடி வந்து அர்த்தநாரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள் சாரதாமணி. ஒன்பது வயசு. போட்டிருந்த ரோஸ் கவுன் புத்தம் புதுசு. தோள்பட்டை மட்டும் சரிந்து சரிந்து விழுந்ததால் ஊக்கு குத்தியிருந்தது.

“எம் பொண்ணுங்க சார். படிப்பு ஏறல. சும்மா கெடக்காம நூல் சுத்திக் குடுப்பா,” என்று அவள் தலையைத் தடவினார் அர்த்தநாரி. வெண்ணந்தூரில் ஆறு விசைத்தறி வைத்திருக்கிற மனுஷர். தினமும் எரிந்து விழுகிறவர், அன்றைக்குத் தேனாகப் பேசினார்.

எதிரே நின்ற லேபர் இன்ஸ்பெக்டர் பாலசுந்தரம் சிரிக்கவில்லை. போன வருஷம்தான் புதுச் சட்டம் வந்திருந்தது. பதினாலு வயசு ஆகாத பிள்ளையைத் தறிப்பட்டறையில் கூலிக்கு வைத்தால் கேஸ். ஆனால் அதிலேயே ஒரு சந்தும் விட்டிருந்தார்கள். சொந்தப் பிள்ளை அப்பனுக்கு ஒத்தாசை செய்தால் குற்றமில்லை. அன்றிலிருந்து எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் அங்கிருக்கிற பொடிசுகள் அத்தனையும் முதலாளிக்கே பிறந்திருக்கிற அதிசயத்தை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தறிகளை நிறுத்தச் சொன்னார். அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, பேர், வயசு, அம்மா பேர் எல்லாம் கேட்டார். கேட்டதற்கெல்லாம் டக்கு டக்கென்று பதில் வந்தது. வாயைத் திறக்கும் முன்னால் மட்டும் ஒவ்வொரு தடவையும் அவள் கண் தறிப் பக்கம் போய்விட்டு வந்தது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டு வா பாப்பா என்றார்.

பட்டறையை ஒட்டித்தான் வீடு. குடுகுடுவென்று ஓடியவள் வாசப்படியில் நின்றுவிட்டாள். உள்ளே போகாமல், வெளியில் இருந்தபடியே தண்ணி வேணுமுங்க என்று குரல் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டருக்கு அது போதும். அர்த்தநாரியை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, முதல் தறியில் நின்ற நாச்சிமுத்துவிடம் வந்தார்.

நாச்சிமுத்து பத்து வருஷமாக அங்கே தறி ஓட்டுகிறவன். குடியிருப்பது அர்த்தநாரியின் லைன் வீட்டில். பொண்டாட்டி எழுந்து நடமாட முடியாமல் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். வாயைத் திறந்தால் வேலையும் போகும், வீடும் போகும். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, பாவம், அவனைப் பார்த்துத்தான் கேட்டார்.

“பயப்படாதீங்க. இது கூலிக்கு வர்ற புள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். நாளைக்கே நான் பள்ளிக்கூடத்துல சேர்த்துடறேன்.”

நாச்சிமுத்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிற கை அது. அன்றைக்கு இழை கைக்குள் நிற்கவே மாட்டேன் என்றது. வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அர்த்தநாரி பார்த்துக்கொண்டே நின்றார். தண்ணிச் சொம்போடு சாரதாமணியும் வந்து நின்றாள்.

“மொதலாளி புள்ளதானுங்க,” என்றான் நாச்சிமுத்து.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. சின்ன வயசுக்காரர், மனசு கேட்கவில்லை. சொம்பு பிடித்திருந்த அவள் கையைத் திருப்பிக் காட்டினார். விரலெல்லாம் நூல் அறுத்துக் காய்த்துப் போயிருந்தது.

“இதைப் பாத்துட்டுச் சொல்லுங்க. உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?”

நாச்சிமுத்து தலையை நிமிர்த்தவில்லை.

“இல்லீங்க.”

“இருந்திருந்தா இப்படிச் சொல்ல வாய் வந்திருக்காது,” என்றார் இன்ஸ்பெக்டர். தண்ணியைத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

பஸ் நிற்கிற பக்கம் அவர் தலை மறைந்ததும்தான் அர்த்தநாரிக்கு மூச்சு வந்தது. கவுனை அழுக்காக்காமல் கழற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கும்படி அவளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். தறிகள் மறுபடியும் தடதடவென்று ஓட ஆரம்பித்தன.

நாச்சிமுத்துவின் தறி மட்டும் ஓடவில்லை. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். சாரதாமணி போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் குனிந்ததும், தறிச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று காதோரம் வாயை வைத்துக் கேட்டாள்:

“அப்பா, நீங்க சொல்லிக்குடுத்தாப்பலயே சொன்னனுங்களா?”