தைராய்டு மாத்திரை

“தை மாசக் குளுருல உங்களுக்கு மட்டும் இப்படி வேர்த்துக் கொட்டுதே?”

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா செல்லம்மாள் இப்படிக் கேட்டதும், பெண்ணின் அம்மா பாரதி சட்டென்று சமையலறைப் பக்கம் கை காட்டினாள்.

“அடுப்பாண்ட நின்னேன், அதான்” என்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். ராத்திரியும் இதே கூத்துதான். நனைந்த ஜாக்கெட்டை மாற்றி மாற்றியே விடிந்துவிட்டது. போதும்டா சாமி என்று இருந்தது.

மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்த பிறகு டாக்டர் எழுதிக்கொடுத்த ஹார்மோன் மாத்திரை செய்கிற வேலை. ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் விரல்கூட மடங்க மாட்டேன் என்கிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். விஷயம் காதில் விழுந்ததும், மகள் சௌமியாவுக்கு வந்த வாணியம்பாடி வரன் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அதிலிருந்து யார் கேட்டாலும் ஒரே பதில்: தைராய்டு.

மாப்பிள்ளை ஊரான நெமிலியிலிருந்து வந்த இந்தம்மா லேசுப்பட்டவள் இல்லை. வந்ததும் வராததுமாக ஃபேனுக்கு நேர் கீழே இடம் பிடித்தாள். “பஸ்ல வந்ததுல முட்டி புடிச்சிக்கிச்சு” என்று காலை நீட்டிக்கொண்டு, பாரதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணைப் பார்க்க வந்தாளா, பெண்ணின் அம்மாவைப் பார்க்க வந்தாளா?

கூடத்தில் சௌமியாவும் மாப்பிள்ளை பூவரசனும் கூச்சத்தோடு பேச ஆரம்பித்திருந்தார்கள். பாரதி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கழுவி வைத்துவிட்டுத் திரும்பினால், பின்னாலேயே செல்லம்மாள்! டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த மாத்திரை அட்டை அவள் கையில் இருந்தது.

“இன்னா மாத்திரை இது?”

“தைராய்டுக்குங்க.”

“எத்தினி வருஷம் போடச் சொல்லியிருக்காங்க?”

“அஞ்சு வருஷம்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் பாரதி. தைராய்டு மாத்திரைக்கு யார் இப்படிக் கெடு சொல்கிறார்கள்?

செல்லம்மாள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு. பாரதிக்கு மறுபடியும் உடம்பு குப்பென்று எரிந்தது.

“எம் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லீங்க...”

செல்லம்மாள் சமையலறைக் கதவைச் சாத்தினாள். அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தாள். தன் முந்தானையால் பாரதியின் நெற்றியைத் துடைத்துவிட்டுக் காதோரம் குனிந்தாள்.

“நெமிலியில நானும் தைராய்டுன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன், சம்பந்தி.”