மாடியில் வாசனை வருதா?

"பத்மஜா, கேஸ் வாசனை ஏதாவது வர்றதா?"

லேக் கார்டன்ஸில் மாடியை வாடகைக்கு விட்டிருந்த மஹாதேவன், தினமும் காலையில் கீழேயிருந்து இப்படிக் குரல் கொடுப்பார். அடுப்பும் டியூபும் அவர் போட்டுக் கொடுத்தவை.

"இல்லை மாமா. ஷியூலிப் பூ வாசனைதான்!" ஜன்னலில் சாய்ந்து, முற்றத்தில் உதிர்ந்து கிடக்கும் வெள்ளைப் பவழமல்லிப் பூக்களைக் கனவு காண்பது போலப் பார்த்தபடி சொல்வாள் பத்மஜா.

"கீழேர்ந்து கத்தினா ஆச்சா? டியூப் போட்டு நாலு வருஷமாறது. போய்ப் பாருங்கோ" என்றாள் ஒருநாள் அவர் மனைவி.

சோப்புத் தண்ணீரோடு ஏறினார். டியூபில் தடவியதும் ஒரு குமிழி மெல்ல வளர்ந்தது. அதற்குள் காலை வெளிச்சம் நீலமும் ரோஜா நிறமுமாகச் சுழன்றது.

"எவ்வளவு அழகு!" என்று மெய்மறந்து நின்றாள் பத்மஜா.

"அழகா? லீக் ஆறதும்மா!" அவசரமாக ரெகுலேட்டரை மூடினார். "குனிஞ்சாலே குப்புனு அடிக்கறது. உனக்குத் தெரியலையா?"

அவள் தலை தாழ்ந்தது.

"சின்ன வயசுல ஜுரம் வந்ததுலேர்ந்து எனக்கு எந்த வாசனையும் தெரியாது மாமா. பூவைப் பார்த்து நானே நினைச்சுப்பேன். சொன்னா வீடு தர மாட்டேளோன்னு பயம். எனக்குன்னு கிடைச்ச முதல் சமையல்கட்டு இது. காலி பண்ணச் சொல்லிடாதீங்கோ."

மஹாதேவன் விரிசல் விட்டிருந்த டியூபைக் கழற்றினார்.

"நீ எதுக்கும்மா காலி பண்ணணும்? பதினெட்டுப் படி ஏறச் சோம்பல்பட்டு, உன் மூக்கை நம்பியே நான் வீட்டுக்காரனா இருந்திருக்கேன்."