இடக்கைச் சுற்று

"முந்தி இருந்தபடியே சுத்தித் தாங்கோ தங்கச்சி. புதுசா ஒண்டும் செய்ய வேண்டாம். நாளைக்குக் காலமை மகளுக்கு டெனிஸ் பைனல்."

பாலசுந்தரம் ரெக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு, கடைக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருந்தது அந்தக் கடை. ரெக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடுவதும் கைபிடிக்குக் கிரிப் சுற்றுவதும்தான் அங்கே தொழில். ஆளைத் தேட வேண்டாம், முதலாளியும் நான்தான் வேலைக்காரியும் நான்தான் என்றாள் ஆதிபா. பதினான்கு வருடமாக இப்படி எட்டிப் பார்க்கும் ஆண்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கோபம்கூட வருவதில்லை.

மேலே சுற்றும் மெல்லிய கிரிப்பை மாதா மாதம் தானே மாற்றிவிடுவதாகவும், அடியிலிருக்கும் தடித்த கிரிப் கிழிந்துபோனதால்தான் கடைக்கு வரவேண்டியதாயிற்று என்றும் அவர் சொன்னார். அவர் ஒரு எஞ்சினியர். தன் வேலை சுத்தமாக இருக்கும் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

ஆதிபா கைபிடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பெருவிரல் தேய்த்த இடத்தைத் தடவினாள்.

"மகள் இடக்கையா?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"கிரிப் சொல்லுது. கொஞ்ச நேரம் வெளையாடினா விரலுக்கு அடியில கொப்புளம் போடுமே?"

பாலசுந்தரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு மனதில் இருந்ததெல்லாம் கொட்டியது. போன வருடமும் இதே பைனல். மகள் துஷ்யந்தி முதல் செட்டை ஆறுக்கு இரண்டு என்று வென்றாள். அதன் பிறகு உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, ரெக்கெட்டைப் பிடிக்கவே முடியாமல் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியிடம் தோற்றாள். நாளைக்கும் அதே பிள்ளைதான் எதிரே. வெல்கிறவளுக்குச் சென்னையில் ஆறு மாதப் பயிற்சி. வயதுக் கணக்கில் இரண்டு பேருக்குமே இதுதான் கடைசி வருடம். களிம்பு, பிளாஸ்டர், தோல் டொக்டர் என்று எல்லாம் பார்த்தாயிற்று, காரணம் மட்டும் பிடிபடவில்லை.

ஆதிபா ரெக்கெட்டைக் கீழே வைத்தாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"என்ன தங்கச்சி, நேரம் போகுதோ? சும்மா இருந்தபடியே சுத்தி விடுங்கோ, போதும்."

வாடிக்கையாளரே வாய் திறந்து கேட்கிறார். சொன்னபடி செய்துவிட்டால் பாவமும் இல்லை, பழியும் இல்லை. ஆனால் ஆதிபாவின் கை அந்த வேலைக்கு நீளவில்லை.

"இருந்தபடியே சுத்தினா நாளைக்கும் கொப்புளம் போடும் அண்ணன். இது வலக்கைக்காரருக்குச் சுத்துற பக்கம். இடக்கையால பிடிச்சு அடிக்கிறப்போ ஒவ்வொரு சுத்துட ஓரமும் எதிர்ப்பக்கமா எழும்பி நிக்கும். அதான் தோலைச் சீவுது. இத சுத்தினது ஆரு?"

பாலசுந்தரத்தின் முகம் மாறியது. வீடியோ பார்த்துப் பழகியதாக மெல்லச் சொன்னார். வீடியோவில் சுற்றியவன் வலக்கைக்காரன்.

ஆனாலும் எஞ்சினியர் அல்லவா, அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பாரா? மட்ச்சுக்கு முதல் நாள் எதையாவது மாற்றினால் பிள்ளை குழம்பிவிடுவாள், எனக்குப் பழையதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். ஆதிபாவும் விடவில்லை. ரெக்கெட்டை அவருடைய இடக்கையில் கொடுத்து, இறுக்கிப் பிடித்து அடிப்பதுபோல் முறுக்கச் சொன்னாள். முறுக்கினார். ஓரங்கள் உள்ளங்கையைப் பிறாண்டின. இன்னொரு தரம் முறுக்கினார். அப்புறம் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"அப்ப, பிள்ளையின்ர கையைப் புண்ணாக்கினது நானோ?"

"தெரியாமச் செஞ்சது. இனிச் செய்யாதீங்க."

ஆதிபா பழைய கிரிப்புகளை உரித்தெறிந்தாள். புதியதன் கூர்முனையைக் கைபிடியின் அடியில் ஒட்டி, இழுத்துப் பிடித்து, மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கினாள். ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் மேல் ஒரு நூல் அளவு ஏறியது, எங்கும் ஒரு சுருக்கம் விழவில்லை. மெல்லிய கிரிப்பையும் அதே பக்கமாகச் சுற்றி, மேல்முனையை வெட்டி, டேப் ஒட்டிக் கொடுத்தாள். பதினான்கு வருடத்தில் இதைவிட நல்ல சுற்று ஒன்றை அவள் சுற்றியதில்லை.

அவர் இடக்கையால் முறுக்கிப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது. முகத்தில் பத்து வயது குறைந்தது.

"நாளைக்குக் கொட்டாஞ்சேனைப் பிள்ளை பாவம்தான். நீங்களும் வந்து பாருங்கோ தங்கச்சி."

"எப்படியும் வருவன் அண்ணன்."

அவர் ஒழுங்கை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, ஆதிபா கடையின் கதவைப் பாதி இறக்கினாள். கொட்டாஞ்சேனை பஸ்ஸைப் பிடிக்க இன்னும் நேரம் இருந்தது. போனை எடுத்தாள்.

"பஹ்மிதா, போன வருசம் நீ வெண்டது துஷ்யந்திய இல்ல, அவட கைப் புண்ணைத்தான். நாளைக்கு அந்தக் கை நோவாது, அதுக்கு உம்மா பொறுப்பு. இப்பவே எழும்பிப் போய் இன்னும் நூறு பெக்ஹேண்ட் அடி மகள்."