பெரிய வெள்ளியில் இரண்டாம் தட்டு

2025 ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. மலேசியாவின் கோலா கெத்திலில் இடியோடு கனமழை.

தகரக் கூரை அதிர்கிறது. ஸ்டெஃபனி எறிந்த தட்டு, தாய் ஜெனவீவின் காதோரம் பறந்து சுவரில் சிதறுகிறது. பருப்பு வழிந்து இறங்குகிறது. சாப்பாட்டைக் கண்டால் அஞ்சும் நோய் ஸ்டெஃபனிக்கு. மருத்துவர் வகுத்த உணவை உடனமர்ந்து உண்ணவைக்கும் மீட்புத் துணையாளர் ஷாமளா, தட்டின் சில்லு கீறிய தன் கன்னத்து இரத்தத்தைத் துடைத்துவிட்டு வேறு தட்டில் சோறு போடுகிறாள். "இன்னிக்கு ஒருசந்தி நோன்புலா, அக்கா. அம்மாவே சாப்பிடல. நான் மட்டும் பாவம் செய்யணுமா?" என்று கத்துகிறாள் ஸ்டெஃபனி. "நோயாளிக்கு நோன்பு இல்லன்னு ஃபாதரே சொல்லிட்டாரு. இன்னிக்கு விட்டா நாளைக்குத் திரும்ப ஆஸ்பத்திரி வார்டுதான்." "நீங்க இந்து. உங்களுக்கு என்னா தெரியும்?" "பட்டினி தெரியும்லா. நானும் அந்த வார்டுல படுத்தவதான்." ஸ்டெஃபனி பாய்ந்து அவள் கூந்தலைப் பற்றி இழுக்கிறாள், ஷாமளாவின் தலை மேசையில் மோதுகிறது. அவள் எழுந்து போகவில்லை. இந்நாளில் மூன்று மணிச் சிலுவை வழிபாடு முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பருகாத ஜெனவீவ், மகளையே பார்க்கிறாள். பிறகு தனக்கும் ஒரு தட்டில் சோறிட்டு, எதிரே அமர்ந்து, முதல் கவளத்தை விழுங்குகிறாள். கூந்தலைப் பற்றிய விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. ஸ்டெஃபனி அழுதபடியே சோற்றில் கை வைக்கிறாள். அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும்போது பிற்பகல் மணி இரண்டு நாற்பத்தொன்று.