மெசினுக்குச் சொன்ன வயது

"உமக்கு எத்தனை வயதெண்டு டொக்டர் கேக்கிறார்" என்றான் யோகராஜா.

டொக்டர் ஜெர்மன் பாஷையில் கேட்பதையெல்லாம் அவன்தான் மனைவி ஞானேஸ்வரிக்குத் தமிழாக்கிக்கொண்டிருந்தான். சூரிச்சுக்கு வந்து ஒரு வருஷமாகியும் அவளுக்கு அந்தப் பாஷையில் வணக்கமும் நன்றியும் தவிர வேறொன்றும் ஓடாது.

"வயது என்னத்துக்கு?"

"புதுசா ஒரு கொம்பியூட்டர் வந்திருக்காம். உயரம், நிறை, வயது எல்லாத்தையும் குடுத்தா, உமக்கு எவ்வளவு மருந்து ஏத்தலாமெண்டு அதுவே கணக்குப் பாக்குமாம். பிழையாக் குடுத்தா மருந்தும் பிழைச்சுப்போகுமாம்."

மார்பில் புற்றுநோய் என்று சொன்னபோதுகூட ஞானேஸ்வரி இப்படி ஆடிப்போகவில்லை.

கலியாணம் பேசும்போது அப்பா சாதகத்தில் அவளுடைய வயதில் ஐந்தை விழுங்கிவிட்டார். மாப்பிள்ளைக்கு மூத்தவள் என்றால் சம்பந்தம் குழம்பிவிடுமாம். மூச்சு விடக்கூடாது என்று அவள் வாயையும் கட்டிவிட்டார். நாற்பத்தொரு வயதுக்காரி, முப்பத்தெட்டு வயது மனுசனுக்குப் பக்கத்தில் இத்தனை வருஷமும் இளையவளாகக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தாறு" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவன் டொக்டரிடம் ஏதோ சொன்னான். டொக்டர் தலையாட்டிவிட்டு மெசினில் தட்டினார். எண்பத்தேழாம் ஆண்டு, மெசின் சொன்னால் மறுபேச்சு ஏது? மருந்து ஏறியது.

வீட்டுக்கு வந்தும் வாந்தி நிற்கவில்லை. தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. இந்த மருந்தென்றால் அப்படித்தான் என்றார்கள் தெரிந்தவர்கள். அவள் நம்பவில்லை. முப்பத்தாறு வயது உடம்புக்குப் போட்ட கணக்கை நாற்பத்தொரு வயது உடம்பு எப்படித் தாங்கும்? இன்னொரு தடவை ஏற்றினால் தன் கதை முடிந்தது என்றே நினைத்தாள்.

அடுத்த தடவை மருந்தேற்றப் போக, வீட்டுப்பக்கம் ஓர்லிகோனில் அவனோடு ட்ராம் ஏறியவள், பாதி வழியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, நான் அந்த மெசினுக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

"மெசினுக்கோ?"

"உங்களுக்கும்தான். எனக்கு வயது நாப்பத்தொண்டு."

யோகராஜா கண்ணை அகல விரித்தான். "நாப்பத்தொண்டோ! அப்ப இவ்வளவு காலமும் நான் ஒரு அக்காவோடயோ குடும்பம் நடத்தினனான்?"

அவள் அழத் தொடங்கிவிட்டாள். எதிரே இருந்த சுவிஸ்காரி அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

"என்னை விட்டிட்டுப் போறதெண்டாப் போங்கோ. அதுக்கு முதல் டொக்டரிட்ட வயதைத் திருத்திச் சொல்லுங்கோ. எனக்குச் சாகப் பயமாயிருக்கு."

அதற்கு மேல் விளையாட அவனுக்கு மனம் வரவில்லை.

"அழாதையும். அண்டைக்கே நான் டொக்டரிட்ட நாப்பத்தொண்டு எண்டுதான் சொன்னனான். மருந்து சரியாத்தான் ஏறினது."

அழுகை சட்டென்று நின்றது. "உங்களுக்கு ஆர் சொன்னது?"

யோகராஜா யன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினான்.

"மூத்த பொம்பிளை எண்டா எங்கட அம்மா விடமாட்டா எண்டு, சாதகத்தில வயதைக் குறைக்கச் சொல்லி உம்மட அப்பான்ர காலில விழுந்ததே நான்தானே!"