ஜெஞ்சாரோம் மழை

‘ஜெஞ்சாரோம் மழை’ என்ற பாட்டு மட்டும் யுகேந்திரனுக்குச் சரியாக அமையவில்லை. தனிக் கிட்டாரில் ஜாஸ் வாசிக்கும்போது கட்டைவிரல் தாழ்ந்த சுரங்களைக் கவனித்துக்கொள்ளும், மற்ற விரல்கள் மெட்டைப் பாடும். இந்தப் பாட்டில் மட்டும் தாழ்ந்த சுரங்கள் இரட்டையாகக் கேட்டன. ஒன்று சற்று முந்தியது. தந்திகளை மாற்றியும் தீரவில்லை.

அதை அவனோடு சேர்ந்து அமைத்தவள் மனைவி ஷாமினி. தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிட்டாரில் எப்போதும் சற்று முந்தித்தான் வாசிப்பாள். போன தீபாவளிக்கு முன் இறந்துபோனாள்.

அவன் வாசிக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் காப்பிக்கடையில், வழக்கமாக வரும் ருமானா மறுபடியும் அந்தப் பாட்டையே கேட்டாள்.

“வேற சொல்லுங்கக்கா.”

“எப்பக் கேட்டாலும் வேறதான். அத பூட்டி வச்சிருக்கீங்களாண்ணே?”

யுகேந்திரன் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு மெட்டை மட்டும் வாசித்தான். தாழ்ந்த சுரங்கள் தாமாகவே, சற்று முந்திக் கேட்டன. பாட்டு முழுதாக வந்தது.

இப்போது யார் கேட்டாலும் வாசிக்கிறான். தாழ்ந்த சுரங்களை ஷாமினியிடம் விட்டுவிடுகிறான்.