இரண்டு ஜோடி ஃபோர்க்

கீழ்வேளூர் ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரையில் ஐப்பசித் தூறல் ஓயாமல் விழுகிறது. பைக்கின் முன்சக்கரத்தைத் தாங்கியிருந்த பழைய ஃபோர்க், கழற்றிப்போட்ட இடத்தில் வளைந்து, எண்ணெய் கசிந்து கிடக்கிறது. மெக்கானிக் ராம்கி சாக்கை விரித்து இரண்டு புது ஜோடிகளை அருகருகே வைக்கிறான். ஒன்று பழைய அளவு. மற்றது பெரிய வண்டிக்கானது, நல்ல பருமன். ரெமிஜியஸ் இரண்டையும் தொடாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய நெற்றித் தையல் இன்னும் ஆறவில்லை. “எதுலண்ணே மோதுச்சு?” என்று ராம்கி கேட்கிறான். “ரோட்டுல நெல்லு காயப்போட்டிருந்துச்சு. சுத்தி வச்ச கல்லுல.” “வண்டி வர்ற ரோட்டுல கல்ல வைக்கிறானுங்க பாருங்க, அவனுங்களப் புடிச்சு உள்ள போடணும்.” “நான் வச்ச கல்லுதாம்பா. இருட்டுல மறந்துட்டேன்.” ராம்கியின் கை ஸ்பேனரோடு நின்றுவிடுகிறது. பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் கம்பியில் பச்சைச் சேலை நூல் ஒன்று சுற்றிக்கிடக்கிறது. அவன் தடித்த ஜோடியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுகிறான். “இதையே போட்டுருவோம்ணே. பின்னாடி அண்ணிய வச்சு ஓட்டுறப்ப இதான் தாங்கும்.” ரெமிஜியஸ் குனிந்து சின்னதை எடுத்து அவனிடம் நீட்டுகிறார். “நான் ஒருத்தன்தானப்பா இனிமே. இது போதும்.”